பிறர் கிடங்கில் நம் சரக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. திருவாலங்காட்டு வட்டாரத்துக் கரும்பு விவசாயிக்கு இதை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வண்டியை ஏற்றிய பின், எடைச் சீட்டைக் கையில் வாங்காமல் அவர் இடத்தை விட்டு நகர்வதில்லை. நெசவாளரும் அத்தகையவரே. சங்கத்திலிருந்து பெறும் நூலை நிறுத்து வாங்குகிறார். நெய்த துணியை எண்ணி ஒப்படைக்கிறார். ஆயினும் இவ்விரு சாராரும் சேர்ந்து அமைத்துள்ள சங்கங்கள், தம் சரக்கைப் பிறர் கிடங்கில் ஒப்படைக்கும்போது மட்டும் அளவை மறந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் அலட்சியமன்று. அங்கே வழங்கும் சொற்கள் விளங்காமையே என்பது நம் அனுபவம்.

நம் மாவட்டத்தில் இன்று கிடங்குகளுக்குக் குறைவில்லை. செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம் செல்லும் சாலையிலும், கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் தகரக் கூரை வேய்ந்த நெடிய கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணூர் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அருகில் இருப்பதும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், சென்னை மாநகரின் தேவையும் இவை பெருகக் காரணங்களாகும். இணைய வழி விற்பனை வளர்ந்த பின்பு, பிறர் சரக்கை வாங்கி வைத்து, ஆர்டர் வந்தவுடன் பெட்டியிலிட்டு வீடு தேடி அனுப்பிக் கொடுப்பதே தனித் தொழிலாகிவிட்டது. திருத்தணி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவு ஊர்களின் சரக்கும் இவ்வழியில் செல்லக்கூடிய காலம் இது. ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் இத்தொழிலின் சொற்களை அறிந்திருத்தல் நலம்.

ஒரு சங்கத்தின் சங்கடம்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயரும் கிடங்கின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. படுக்கை விரிப்புகளைத் தனியார் கிடங்கொன்றில் வைத்து இணைய வழியில் விற்று வந்தனர். விற்பனை மோசமில்லை. ஆனால் நெசவாளர்களுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி. காரியதரிசி கிடங்கிலிருந்து வந்த பில்லை நம்முன் வைத்தார். அதில் பதினொரு இனங்கள் இருந்தன. கூட்டத்திலிருந்த மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். “தறியிலே ஓர் இழை அறுந்தால் எந்த இடம் என்று விரல் சொல்லிவிடும். இந்தக் காகிதத்திலே எங்கே அறுந்தது என்று நீங்கள் சொல்லுங்கள், தம்பி” என்றார்.

உண்மையைக் கூறுவதானால், அன்று நமக்கும் அப்பதினொன்றில் பாதி விளங்கவில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கிடங்கு, அன்றும் இன்றும்

கிடங்கு என்பது கூட்டுறவாளருக்குப் புதிதன்று. 1904ஆம் ஆண்டிலேயே நம் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கடன் மட்டும் போதாது, விளைந்ததைப் பாதுகாத்து நல்ல விலைக்கு விற்க வழி வேண்டும் என்ற கருத்தைக் கோர்வாலா தலைமையிலான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954இல் வற்புறுத்திற்று. அதன் பயனாக 1956இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957இல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958இல் நம் மாநிலத்திற்கெனத் தனிக் கழகமும் அமைந்தன.

இக்கிடங்குகளின் உயிர்நாடி ரசீது ஆகும். நெல்லையோ நிலக்கடலையையோ வைத்து ரசீது பெற்ற விவசாயி, அதை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் பெறலாம்; விலை ஏறும்வரை காத்திருக்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2010இல் தனி ஆணையம் அமைந்தது. அதில் பதிவு பெற்ற கிடங்குகள் கைமாற்றத்தக்க ரசீது வழங்குகின்றன. 2017 முதல் இந்த ரசீது மின்னணு வடிவில் வழங்கப்படுகிறது.

இன்று நாம் பேசும் தனியார் கிடங்கு இதனின்றும் வேறானது. முன்னதில் சரக்கு விலைக்காகக் காத்திருக்கிறது. பின்னதில் ஆர்டருக்காகக் காத்திருக்கிறது. முன்னதில் நூறு மூட்டை ஒன்றாகச் சென்று ஒன்றாகத் திரும்பும். பின்னதில் நூறு விரிப்பு ஒன்றாகச் சென்று, நூறு ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் புறப்படும். இதனை ‘மூன்றாம் தரப்பு’ ஏற்பாடு என்பர். விற்கும் நாம் ஒரு தரப்பு, வாங்குபவர் இரண்டாம் தரப்பு, இடையில் சரக்கைக் கையாளுபவர் மூன்றாம் தரப்பு. ‘ஃபுல்ஃபில்மென்ட்’ என்னும் சொல், ஆர்டர் வந்தது முதல் வாங்கியவர் கையில் சரக்குச் சேரும் வரை உள்ள வேலை அனைத்தையும் குறிக்கும். கிடங்கில் ஒரு கை நம் சரக்கைத் தொடும்போதெல்லாம் பில்லில் ஓர் இனம் கூடும். இதை மனத்திற் கொண்டால் மற்றச் சொற்கள் தாமே விளங்கும்.

சரக்கு உள்ளே செல்லும்போது

‘இன்வர்ட்’ என்பது சரக்கை வரவு வைத்தல். இங்குதான் முதற் கவனம் தேவை. கிடங்கு தரும் வரவுச் சீட்டில் ‘உள்ளதாகக் கூறப்படுகிறது’ என்ற பொருள்படும் வாசகம் இருக்கலாம். ‘பெட்டி இருபது, பெட்டிக்கு ஐம்பது விரிப்பு உள்ளதாகக் கூறப்படுகிறது’ என்றிருந்தால், கிடங்கு இருபது பெட்டிகளுக்கு மட்டுமே பொறுப்பேற்றிருக்கிறது. ஆயிரம் விரிப்புகளுக்கு அன்று. நாம் மேலே கூறிய சங்கத்தில் இருப்பைச் சரிபார்த்தபோது முப்பத்தொரு விரிப்புகள் குறைந்தன. சீட்டில் அவ்வாசகம் இருந்தமையால் ஈடு கேட்க வழியில்லாமற் போயிற்று. பெட்டியைத் திறந்து எண்ணி வரவு வைக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதைக் கொடுத்து எண்ணிக்கைக்குக் கையொப்பம் பெறுவதே உசிதம்.

‘எஸ்.கே.யு.’ என்பது இருப்பில் தனித்து எண்ணப்படும் ஒவ்வொரு வகையையும் குறிக்கும். ஒரே துண்டு ஐந்து நிறத்தில், இரண்டு அளவில் இருந்தால் நமக்கு அது ஒரு சரக்கு, கிடங்கிற்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி இடம், பல கிடங்குகளில் தனிக் கட்டணமும் உண்டு. கைத்தறியில் புடவைக்குப் புடவை கரையும் முந்தானையும் மாறுவதால் வகைகளின் எண்ணிக்கை விரைவில் பெருகிவிடும். ஆகவே ஓடும் வகைகளை மட்டும் கிடங்கிற்கு அனுப்பி, அரிய வகைகளைச் சங்கத்திலேயே வைத்து விற்பது நன்று.

கிடங்கில் இருக்கும்போது

இட வாடகையை மூன்று வகையில் கணக்கிடுவர்: தரைப் பரப்புக்குச் சதுர அடியாக, கொள்ளளவுக்குக் கன அடியாக, அல்லது ‘பேலட்’ ஒன்றுக்கு இவ்வளவு என்று. பேலட் என்பது சரக்கை அடுக்கி இயந்திரத்தால் தூக்குவதற்கான மரத்தட்டு. 1,200 மில்லிமீட்டருக்கு 1,000 மில்லிமீட்டர் அளவு பரவலாக வழங்குகிறது. தட்டு பாதி காலியாயினும் முழு வாடகை உண்டா என்று முன்னரே கேட்டறிய வேண்டும்.

‘மினிமம் பில்லிங்’ என்பது குறைந்தபட்சக் கட்டணம். ஒரு மாதம் ஒரே ஒரு விரிப்பு விற்றாலும் அத்தொகையைக் கட்டியே ஆக வேண்டும். பண்டிகைக் காலத்தில் விற்று மழைக்காலத்தில் முடங்கும் சிறு சங்கத்தை வருத்துவது இதுவே. ‘நெடுநாள் இருப்புக் கட்டணம்’ என்பது மற்றொன்று. குறித்த நாட்களுக்கு மேல் நகராத சரக்குக்கு வாடகை கூடிவிடும்.

விவசாய அங்கத்தினருக்கு முக்கியமான சொற்கள் இரண்டு. ‘முதலில் வந்தது முதலில் செல்க’ என்பது ஒரு முறை. ‘முதலில் காலாவதியாவது முதலில் செல்க’ என்பது மற்றொரு முறை. துணிக்கு முன்னது போதும். பொட்டலமிட்ட பருப்பு, மாவு, எண்ணெய் ஆகியவற்றிற்குப் பின்னதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இன்றேல் புதிய சரக்கு விற்றுப் பழையது தேங்கும்.

‘ஷ்ரிங்கேஜ்’ என்பது குறைவு. தானியம் உலர்ந்து எடை குறைவது இயற்கை. விரிப்பு உலர்ந்து எண்ணிக்கை குறைவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நூற்றுக்கு இவ்வளவு குறைவு அனுமதிக்கப்படும் என்று பொதுவாக எழுதிவிட்டால், காணாமற் போன துணியும் அதற்குள் அடங்கிவிடும். எண்ணி வைக்கும் சரக்குக்கும் நிறுத்து வைக்கும் சரக்குக்கும் வெவ்வேறு விதி வேண்டும். ‘சைக்கிள் கவுண்ட்’ என்பது ஆண்டு முடிவுவரை காத்திராமல், இருப்பில் ஒரு பகுதியை அவ்வப்போது எண்ணிப் பார்த்தல். சங்கத்தின் பிரதிநிதி நேரில் நின்று எண்ணும் உரிமையையும் எழுதிப் பெற வேண்டும்.

சரக்கு வெளியே வரும்போது

‘பிக்கிங்’ என்பது ஆர்டருக்குரிய சரக்கை அடுக்கிலிருந்து எடுத்தல். ‘பேக்கிங்’ என்பது பெட்டியிலிடுதல். முதற் பொருளுக்கு ஒரு கட்டணமும், அதே ஆர்டரில் அடுத்த பொருளுக்குக் குறைந்த கட்டணமும் விதிப்பது வழக்கம். ‘கிட்டிங்’ என்பது பல பொருள்களை ஒரு தொகுப்பாக்குதல். விரிப்பு ஒன்றும் தலையணை உறை இரண்டும் சேர்த்து விற்பதாயின், அவற்றைச் சங்கத்திலேயே கட்டி அனுப்பினால் இக்கட்டணம் மிச்சம்.

‘கட்-ஆஃப்’ என்பது அன்றைய ஆர்டரை அன்றே அனுப்புவதற்கான கடைசி நேரம். ‘எஸ்.எல்.ஏ.’ என்பது சேவை உறுதி: இத்தனை மணிக்குள் அனுப்புவோம், நூற்றுக்கு இத்தனை ஆர்டரில் தவறு நேராது என்னும் எழுத்து வாக்கு. வாக்குத் தவறினால் கிடங்கு என்ன கொடுக்கும் என்று எழுதாத உறுதி பெயரளவில்தான் உறுதி.

இனி, பலரும் அறியாத ஒன்றைக் கூறுவோம். கூரியர் கட்டணம் தராசில் நிற்கும் எடைக்கு மட்டும் அன்று. ‘கன அளவு எடை’க்கும் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பர். இந்த எடை, நிஜ எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 40, 30, 10 சென்டிமீட்டர் பெட்டியில் 600 கிராம் புடவையை வைத்தால் கணக்கு எடை 2.4 கிலோ. அதே புடவையை 35, 25, 4 சென்டிமீட்டர் உறையில் மடித்து வைத்தால் 0.7 கிலோ. முதற் பெட்டியில் நாம் காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம்.

திரும்பி வரும் சரக்கு

‘ஆர்.டி.ஓ.’ என்றதும் வாகனப் பதிவு அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கு அது, வாங்கியவர் கைக்குச் சேராமல் புறப்பட்ட இடத்திற்கே மீளும் சரக்கைக் குறிக்கும். ‘பொருளைப் பெற்ற பின் பணம்’ என்னும் முறையில் இது மிகுதி. விற்காத சரக்குக்குப் போகவும் வரவும் கூலி கொடுத்து, மீண்டும் பரிசோதிக்கவும் கொடுக்க நேர்கிறது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை.

விரிப்பின் விலை ரூ.600. நூல், சாயம், கூலி உள்ளிட்ட அடக்கம் ரூ.420 போக மிச்சம் ரூ.180. கிடங்குக் கையாளுகை ரூ.30, பெட்டி ரூ.15, கூரியர் ரூ.60, ஆக ரூ.105 போனால் நிற்பது ரூ.75. மாதம் நூறு விரிப்பு அனுப்பி, இருபது திரும்பின என்க. விற்ற எண்பதில் கிடைப்பது ரூ.6,000. திரும்பிய இருபதுக்கு, போன செலவு ரூ.105, வந்த கூரியர் ரூ.60, பரிசோதனை ரூ.15, ஆக ஒன்றுக்கு ரூ.180 வீதம் ரூ.3,600 நஷ்டம். மீதி ரூ.2,400. இட வாடகை ரூ.1,500 போக எஞ்சுவது ரூ.900. விற்ற விரிப்பு ஒன்றுக்கு ரூ.11.25 மட்டுமே சங்கத்திற்கு நிற்கிறது. இதில் பெட்டியைச் சிறிதாக்கிக் கூரியரைப் பதினைந்து ரூபாய் குறைத்தால், போவதிலும் வருவதிலுமாக ரூ.1,800 மிஞ்சும், ரூ.900 என்பது ரூ.2,700 ஆகும். விலையை ஏற்றவில்லை, கூலியைக் குறைக்கவில்லை, பெட்டியை அளந்தோம், அவ்வளவே.

எப்போது அடுத்த சரக்கை அனுப்புவது என்பதற்கும் கணக்கு உண்டு. நாளொன்றுக்கு எட்டு விரிப்பு விற்று, நெய்து கிடங்கு சேரப் பதினைந்து நாள் ஆகுமாயின், அக்காலத்திற்கு 120 வேண்டும். எதிர்பாராத் தேவைக்கு முப்பது சேர்த்தால் 150. இருப்பு 150ஆகக் குறையும் நாளே தறிக்குச் சொல்ல வேண்டிய நாள். இதனை ‘மறு ஆர்டர் நிலை’ என்பர். இது தெரிந்தால் தறிக்கு ஒழுங்கான வேலையும் கிடைக்கும். தேங்கிய சரக்குக்கு வாடகையும் கட்ட வேண்டியிராது.

சட்டம் கூறுவது

பிறர் கிடங்கில் வைத்தாலும் சரக்கு நம்முடையதே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு இத்தகைய ஒப்படைப்பை வரையறுக்கிறது. 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காக்கும் அளவுக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளையும் காக்க வேண்டும். ஆயினும் நஷ்ட ஈட்டுக்கு உச்ச வரம்பு கட்டும் வாசகங்கள் ஒப்பந்தத்தில் இடம்பெறுவதுண்டு. ஈடு அடக்க விலைக்கா, விற்பனை விலைக்கா, தீ, வெள்ளக் காப்பீடு யார் பெயரில் என்பதைக் கையொப்பமிடும் முன் பார்க்க வேண்டும். ‘லீன்’ என்னும் சொல் இருந்தால் நிறுத்திப் படிக்க வேண்டும். பாக்கி தீரும்வரை நம் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை அது. சரக்கு சேவை வரியில் பதிவு பெற்ற சங்கம், அக்கிடங்கைத் தன் கூடுதல் வணிக இடமாகப் பதிவில் சேர்க்க வேண்டும். கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கும் பதிவு தேவை.

கூட்டாகச் செய்தால்

இனி அந்தச் சங்கத்திற்கு வருவோம். முப்பத்தொரு விரிப்பு போனது போனதுதான். ஆனால் நிர்வாகக் கமிட்டி பில்லைப் பகிரங்கமாகப் பொதுக்குழுவில் படித்தது. ஓடாத நிறங்களைத் திருப்பி எடுத்தனர். மடிப்பு முறையை நெசவாளர் வீட்டுப் பெண்களே மாற்றியமைத்தனர். குறைந்தபட்சக் கட்டணத்தைத் தனியே சுமக்க இயலாது என்று கண்டு, அண்டையிலுள்ள மற்றொரு நெசவாளர் சங்கத்தையும், பொட்டலமிட்ட பருப்பு விற்கும் விவசாயிகள் சங்கத்தையும் கூட்டிச் சென்று, மூவரும் ஒருசேரப் பேசினர். தனியொரு சங்கத்திற்குத் தளராத வாசகங்கள் மூன்று சங்கங்களுக்குத் தளர்ந்தன. ‘எண்ணிக்கைக்குப் பொறுப்பு’ என்ற வரி ஒப்பந்தத்தில் ஏறிற்று. கூலி பாக்கி முற்றும் தீர்ந்ததென்று கூற இயலாது. ஒரு மாதப் பாக்கி தீர்ந்தது.

கிடங்கை நாடும் சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், கணக்கை ஒப்படைக்கலாகாது. வரவுச் சீட்டு எண்ணிக்கைக்கா பெட்டிக்கா, வாடகை எந்த அளவில், குறைந்தபட்சம் எவ்வளவு, திரும்பிய சரக்குக்கு யார் செலவு, குறைவுக்கு யார் பொறுப்பு, ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளில் சரக்கை மீட்கலாம் என்னும் ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறாமல் கையொப்பமிட வேண்டாம். மாதந்தோறும் கிடங்கின் இருப்பையும் சங்கத்தின் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை அம்மாதமே எழுதிக் கேட்க வேண்டும்.

சென்ற மாதம் அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். புதிய பில் வந்திருந்தது. காரியதரிசி வாய் திறக்குமுன், அந்த மூத்த அங்கத்தினரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் இனமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். ஏழாவது இனத்தில் விரல் நின்றது. “தம்பி, இந்த மாதம் கட்டு நாமே கட்டி அனுப்பினோம். இதற்கு ஏன் கூலி போட்டிருக்கிறான்?” என்று கேட்டார். கேட்டது சரி. அன்றே கடிதம் எழுதப்பட்டது.